தாம்பூலம் வாங்கிய சிலந்திகள்

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் முதலில் மீசைக்கு நெய் தடவிக்கொண்டு பிறகு ராஜ்யத்தைக் கவனித்த அந்த நல்ல காலத்தில், கனகவீர பூபதி என்று ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ராஜா நல்லவர்தான். குடிகளைப் பிழியமாட்டார், படையெடுத்து வந்தவனைச் சும்மா விடமாட்டார். ஒரே ஒரு குறை. கோபத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அது தப்பு என்று தமக்கே தெரிந்தாலும் அதை விட்டு இறங்கமாட்டார். தென்னை மரத்தில் ஏறிவிட்டு, இறங்கத் தெரியாமல் மரத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கதைதான்.

அவருடைய சபையில் விகடகவியாக இருந்தவன் அம்பலவாணன். ஊரில் எல்லாருக்கும் அம்பலம். ஆள் ஒல்லி, நாக்கு நீளம். கோட்டை மதிலை ஒட்டி அவனுக்கு ஒரு சின்ன ஓட்டு வீடும், பின்னால் ஒரு கிணறும் இருந்தன. கோட்டைக்குள் இருந்த மற்றக் கிணறுகளில் எல்லாம் உப்புத் தண்ணீர். அம்பலத்தின் கிணறு ஒன்றுதான் இளநீர் மாதிரி இனிக்கும். அந்த வீட்டுக்கு அடுத்தாற்போல் மூன்று கட்டு மாளிகை கட்டிக்கொண்டவர், அரண்மனை நிர்வாகம் முழுவதையும் பார்த்துவந்த சர்வாதிகாரி உத்தண்டராயர். மாளிகை பெரிதுதான், ஆனால் குடிக்கிற தண்ணீருக்கு அம்பலத்தின் மனைவி தைலம்மையிடம் குடத்தோடு ஆள் அனுப்ப வேண்டும். அது அவருக்குத் தொண்டையில் மாட்டிய மீன் முள்ளாக இருந்தது.

ராயருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தம் கையால் அவர் எதையும் தூக்கமாட்டார். வெற்றிலைப் பெட்டிக்கு ஓர் ஆள், விசிறிக்கு ஓர் ஆள், செருப்புக்கு ஓர் ஆள். தும்மலை மட்டும்தான் அவரே போட்டுக்கொள்வார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மகாராணி பூங்கோதை நாச்சியார் மலைநாட்டு ராஜாவின் ஒரே மகள். அப்போது அவருக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு ஜாம்ஜாமென்று நடந்து, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். ஊர் உலகத்து வழக்கம் என்ன? வளையல் அடுக்கியதும் பெற்றவள் வந்து பெண்ணை அழைத்துக்கொண்டு போவாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். குடிசையிலும் அதுதான், கோட்டையிலும் அதுதான். இந்த அரண்மனையில் மட்டும் அது நடக்கவில்லை. காரணம் ஒரு யானை.

கல்யாணச் சீரோடு மாமனார் அனுப்பிய யானை அது. ராஜாவைக் கண்டதும் துதிக்கை நிறைய மண்ணை வாரி அவர் முகத்தில் இறைத்துவிட்டது. மீசையில் அப்போதுதான் தடவிய நெய். மண் அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்யாணக் கூட்டம் மொத்தமும் சிரித்தது. "வேண்டுமென்றே பழக்கி அனுப்பியிருக்கிறார்கள், மகாராஜா" என்று காதில் ஊதினார் உத்தண்டராயர். அவ்வளவுதான். "இனி அந்த வீட்டுக்கு என் மனைவியை நான் அனுப்பமாட்டேன். இது சத்தியம்!" என்று கர்ஜித்தார் ராஜா. மரத்தில் ஏறியாயிற்று. வளைகாப்பு அன்று மகாராணி ஒரே ஒரு முறை கேட்டுப் பார்த்தார். ராஜா போட்ட சத்தத்தில் தூணில் இருந்த புறாக்கள் பறந்துவிட்டன. அப்புறம் மகாராணி வாய் திறக்கவில்லை. அவரும் ஒரு ராஜா பெற்ற மகள்தானே!

மறுநாளிலிருந்து அந்தப்புரத்தில் ஒரு புதுத் தொல்லை தொடங்கியது. சாயங்காலம் சங்கு ஊதும், கட்டியக்காரன் "பராக்!" என்பான், ராஜா உள்ளே நுழைவார். உடனே மகாராணி "ஐயோ, சிலந்தி!" என்று அலறித் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். ராஜாவுக்கு ஈரக்குலை நடுங்கும். கர்ப்பிணி பயந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று அரண்மனை வைத்தியர் வேறு சொல்லி வைத்திருந்தார்.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ராஜா சபையைக் கூட்டினார்.

"ஆயிரம் யானை, பதினாயிரம் குதிரை வைத்திருக்கிறேன். என் மனைவியின் அறையிலிருந்து ஒரு சிலந்தியை விரட்ட ஓர் ஆள் இல்லையா?"

இந்த இடத்தில் அம்பலம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாக்கு நீளம் என்று சொன்னேன் அல்லவா?

"யானைப்படைக்குச் சுவரில் ஏறத் தெரியாது மகாராஜா, அதுதான் சிக்கல்" என்றான்.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் முன்னால் யாரும் யானை என்ற சொல்லைச் சிரிப்போடு சொல்வதில்லை. உத்தண்டராயர் இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே காத்திருந்தவர்போல் எழுந்தார்.

"மகாராஜா, அம்பலவாணரின் மதிநுட்பம் உலகறிந்தது. இந்தப் பணியை அவரிடமே ஒப்படைக்கலாம். ஆனால் சாஸ்திரம் என்ன சொல்கிறது என்பதை ஆஸ்தான சோதிடர் கூறட்டும்."

ஆஸ்தான சோதிடர் நட்சத்திரநம்பி, ராயர் தும்மினால் நூறாயுசு என்று வாழ்த்துகிறவர். கண்ணை மூடி விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.

"கர்ப்பிணி வாழும் வீட்டில் உயிர்க்கொலை ஆகாது. கூடு கலைப்பதும் ஆகாது. சிலந்திக்கு வலைதான் கூடு. ஆகவே சிலந்தியைக் கொல்லக் கூடாது, வலையையும் அறுக்கக் கூடாது. குழந்தை பிறக்கும் வரை இதை மீறினால் தோஷம்."

"கேட்டாயா அம்பலம்?" என்றார் ராஜா. "கொல்லக் கூடாது. வலையை அறுக்கக் கூடாது. ஆனால் மகாராணி இருக்கும் இடத்தில் சிலந்தி இருக்கக் கூடாது. பௌர்ணமி அன்று காலையில் சபையோடு வந்து பார்ப்பேன்."

"முடியாவிட்டால், மகாராஜா?" என்று தேன் ஒழுகக் கேட்டார் ராயர். "கேலி பேசுகிறவர் கேலிக்கு விலை கொடுக்க வேண்டாமா? அவர் இந்த நாட்டை விட்டுப் போகட்டும். மதிலோரம் அவர் வீடு காலியாக இருந்தால் திருட்டுப் பயம். அதை வேண்டுமானால் நான் பார்த்துக்கொள்கிறேன்."

"அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார் ராஜா. சொன்னபிறகு அவர் முகம் கொஞ்சம் வாடியது. அம்பலத்தின்மேல் அவருக்குப் பிரியம் உண்டு. ஆனால் இறங்கத் தெரிந்தால்தானே? தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். "இதற்கு என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள். உனக்குக் குறுக்கே யாரும் நிற்கக் கூடாது. நானும் நிற்கமாட்டேன். இது என் வாக்கு."

அம்பலம் வீட்டுக்கு வந்தபோது தைலம்மை விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ராஜா வீட்டு எட்டுக்கால் பூச்சியத் தொரத்தப் போறீங்களாமே? ஊரே பேசுது. நம்ம வீட்டு மூலையப் பாத்தீங்களா? தெனம் வெளக்கு வைக்கிற நேரத்துல சொல்றேன். ஒரு நாளாவது காதுல வாங்குனீங்களா?"

அம்பலம் அண்ணாந்து பார்த்தான். மூலையில் உள்ளங்கை அகலம் ஒரு வலை. நடுவில் மிளகு அளவு ஒரு சிலந்தி.

"அது ஓரமா அது பாட்டுக்கு இருக்கு, தைலா. இப்ப அதுவா முக்கியம்?" என்று நடந்ததைச் சொன்னான்.

தைலம்மை அப்படியே அம்மியின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "நம்ம கெணத்தையா கேட்டாரு? அவரு வீட்டுக்கு மொண்டு மொண்டு ஊத்துனேனே, அந்தக் கைய ஒடைக்கணும்!" பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஜெயிச்சுட்டு வாங்க. இல்லாட்டி, ராயரோட ஆளுங்க வந்தா வாளியோட நானும் கெணத்துல எறங்கி உக்காந்துக்குவேன். யார் மொள்ளுறாங்கன்னு பாத்துடறேன்" என்றாள்.

அம்பலம் சிரிக்க முயன்றான், வரவில்லை. சபையில் எத்தனையோ பேரை அழ அழச் சிரிக்க வைத்தவன். அன்றைக்குக் கிணற்றடிக்குப் போய் ஒரு கை தண்ணீர் மொண்டு குடித்தான். இந்த வீட்டை விட்டு எந்த ஊருக்குப் போவது, எந்தக் கிணற்றில் தண்ணீர் கேட்பது?

விடிந்ததும் அந்தப்புரத்துக்குப் போனான். கையில் ஒரு தட்டு. தட்டு நிறைய வெற்றிலை, பாக்கு, ஒரு கொட்டாங்கச்சி. ஏணியில் ஏறி ஒவ்வொரு சிலந்தியின் முன்னாலும் தட்டை நீட்டி, "தாங்கள் வந்திருந்து சிறப்பித்ததில் மகாராஜாவுக்குப் பரம சந்தோஷம். போய் வாருங்கள்" என்று கும்பிட்டான். பிறகு கொட்டாங்கச்சியை மெதுவாக அதன்மேல் கவிழ்த்து, அடியில் ஒரு வெற்றிலையைச் செருகி, அப்படியே எடுத்துக்கொண்டு போய் நந்தவனத்துச் செம்பருத்திச் செடியில் விட்டான். உயிருக்குச் சேதம் இல்லை. வலையும் அறுபடவில்லை, குடியிருந்தவர் மட்டும் காலி செய்துவிட்டார். தோழிப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். உத்தண்டராயர் எட்டிப் பார்த்து, "ஓய், பூச்சிக்கு என்னய்யா மரியாதை?" என்றார்.

"தாம்பூலம் கொடுத்துவிட்டால் விருந்தாளி எழுந்து போய்விட வேண்டும், ராயரே. மனிதர்களில்தான் சிலர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அடுத்த பந்திக்கும் உட்காருவார்கள்."

ராயர், போன கல்யாணத்தில் தாம் இரண்டு பந்தி உட்கார்ந்ததை நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

ஒரு சிலந்தியை மட்டும் அம்பலம் நகர்த்தவில்லை. அது வலை பின்னாத ஜாதி. கால்களை அகட்டிக்கொண்டு பாத்திர அலமாரிக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக, வட்டமாக ஒரு முட்டைப் பை. தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு நகர்ந்து நின்றது. கொட்டாங்கச்சியைக் கொண்டுபோன கை அப்படியே நின்றுவிட்டது. பையோடு ஓடத் தெரியாமல் நிற்கிறவளை எங்கே போகச் சொல்வது? "சரி, உன்னை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கொஞ்சம் வெட்கத்தோடு சொல்லிவிட்டு இறங்கினான்.

சாயங்காலம் சங்கு ஊதியது. "பராக்!" என்றான் கட்டியக்காரன். ராஜா வாசலில் கால் வைத்தார்.

"ஐயோ, சிலந்தி!"

மகாராணி காட்டிய இடத்துக்கு அம்பலம் ஏணியை இழுத்துக்கொண்டு ஓடினான். காலையில் அவனே காலி செய்த வலை. உள்ளே தூசிதான் இருந்தது. மறுநாள் சாயங்காலமும் அதே சங்கு, அதே அலறல், அதே வெறும் வலை. பகலெல்லாம் மகாராணி நிம்மதியாகப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அம்பலம் ஏணியில் உட்கார்ந்தபடி, பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டான்.

"மலைநாட்டு அரண்மனையில் இந்தத் தொல்லையே இருக்காது, இல்லையா மகாராணி?"

"யார் சொன்னார்கள்? அங்கே ஒவ்வொரு உத்தரத்திலும் பத்து இருக்கும். நானும் என் தாயாரும் படுத்துக்கொண்டே எண்ணுவோம். பெரியது ஒன்றுக்கு நான் பேர்கூட..."

அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு கண் நிறைந்துவிட்டது. பூவைத் தொடுப்பதுபோல் குனிந்துகொண்டார். கை அசைந்ததில் கண்ணாடி வளையல்கள் குலுங்கின. அம்பலத்துக்குப் பளிச்சென்று எல்லாம் விளங்கிவிட்டது. பாவம், இந்தப் பெண்ணுக்குச் சிலந்தியிடம் பயமில்லை, அம்மாவிடம் போக வேண்டும். கேட்க வழியில்லாமல் சுவரைக் காட்டி அழுகிறது.

விளங்கி என்ன பயன்? "மகாராணி நடிக்கிறார்" என்று ராஜாவிடம் யார் போய்ச் சொல்வது? "சத்தியத்தை விட்டு இறங்குங்கள்" என்று எந்தத் தலை போய்ச் சொல்லும்? அம்பலம் இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டான். பிறகு அவனுக்கு உத்தண்டராயரின் ஞாபகம் வந்தது. பகையாளியைப்போல் சொன்ன சொல் தவறாமல் உதவி செய்கிறவர் உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

பௌர்ணமிக்கு முதல் நாள் சபையில் எழுந்து நெஞ்சை நிமிர்த்தினான். "மகாராஜா, மகாராணியார் அறையில் எல்லாரும் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாளைக் காலையில் சபையோடு வந்து பார்க்கலாம்." அலமாரிக்குப் பின்னால் இருந்த முட்டைக்காரியை அவன் சொல்லவில்லை. விகடகவிக்கு அந்த அளவு சலுகை உண்டு.

ராயருக்கும் சோதிடருக்கும் முகம் செத்துவிட்டது. சபை கலைந்ததும் இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, அம்பலம் ராஜாவிடம் தனியாகப் போனான்.

"மகாராஜா, ஒரு விண்ணப்பம். இன்று மாலை சங்கு வேண்டாம், கட்டியம் வேண்டாம். சத்தமில்லாமல் வந்து மகாராணியார் அறையில் பட்டுத் திரைக்குப் பின்னால் உட்காருங்கள். சிலந்தி எப்போது, எந்த வழியாக வருகிறது என்பதைத் தாங்களே பார்த்துவிடலாம்."

"நான் ஒளிந்துகொள்வதா?"

"குறுக்கே நிற்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தீர்கள். உட்காரத்தான் சொல்கிறேன்."

இந்த நேரத்தில் ராயர் மாளிகையில் என்ன நடந்தது தெரியுமா? யானைக் கொட்டாரத்திலிருந்து ஆட்கள் கிடைத்த சிலந்தியை எல்லாம் பிடித்து ஒரு செம்புக் கலசத்தில் போட்டு, மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். சோதிடர் அதைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தார்.

"இதை யார் எடுத்துக்கொண்டு போவது, ராயரே? தாங்கள்தானே..."

"நானா? என் பரம்பரையில் செம்பு தூக்கியவன் உண்டா? சாந்தி கலசம் என்று சொல்லி நீர் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் அவிழ்த்துவிடும். சோதிடர் கையில் கலசம் இருந்தால் யார் கேட்பார்கள்?"

அந்தப்புரத்தில் திரைக்குப் பின்னால், ராஜா ஒரு முக்காலியில் குந்திக்கொண்டிருந்தார். கொசு பிடுங்கியது. அடிக்கலாம் என்று கையை ஓங்கினார், தோஷம் ஞாபகம் வந்தது, இறக்கிக்கொண்டார். மகாராணி கட்டிலில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் ராஜா இருப்பது அவருக்குத் தெரியாது.

நட்சத்திரநம்பி கலசத்தோடு நுழைந்தார். "மகாராணிக்கு மங்களம். சாந்தி கலசம். தாங்கள் கண்ணை மூடி இறைவனைத் தியானம் செய்யுங்கள்."

மகாராணி கண்ணை மூடினார். சோதிடர் குனிந்து மஞ்சள் துணியை அவிழ்த்தார். மத்தியானத்திலிருந்து செம்புக்குள் வெந்துகொண்டிருந்த யானைக் கொட்டாரத்துச் சிலந்திகளுக்குக் கட்டில் எது, சோதிடர் எது என்று பார்க்க நேரமில்லை. கைக்கு எட்டிய முதல் வழியாக வெளியே வந்தன. அந்த வழி சோதிடரின் முழங்கை, தோள், குடுமி.

"ஐயோ! அம்மா! செத்தேன்! உத்தண்டராயரே, காப்பாற்றும்!"

அலறல் கேட்டு ராஜா உருவிய வாளோடு திரையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தார். அங்கே அவர் பார்த்த காட்சியைச் சித்திரமாக எழுதி வைத்திருந்தால் இன்றைக்கும் பார்த்துச் சிரிக்கலாம். ஆஸ்தான சோதிடர் நகைப் பெட்டியின்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார். மகாராணி அவர் தோளிலிருந்து ஒரு பெரிய சிலந்தியை, குழந்தையைத் தூக்குவதுபோல் உள்ளங்கையில் ஏந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அசையாதீர் சோதிடரே. நீர் போடும் சத்தத்தில் இது பயந்துபோயிருக்கிறது."

ராஜாவின் கையிலிருந்த வாள் மெல்லத் தாழ்ந்தது. மகாராணி திரும்பினார். ராஜாவைப் பார்த்தார். உள்ளங்கையில் சிலந்தி அப்படியே இருந்தது.

"உனக்குப் பயமில்லையா?" என்றார் ராஜா.

"இல்லை, பிரபு."

"அப்படியென்றால் இத்தனை நாள்? நான் பட்ட பாடு? எனக்கு நெஞ்சே நின்றுபோகுமே! என்னை ஏமாற்றினாயா?"

குரல் உயர்ந்தது. சோதிடர்கூடக் குதிப்பதை நிறுத்திவிட்டார்.

"என்ன செய்யட்டும்?" என்றார் மகாராணி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, தடுக்கவில்லை. "அம்மாவிடம் போக வேண்டும் என்று ஒரு தரம் கேட்டேன், தாங்கள் கர்ஜித்தீர்கள். எனக்கு இது முதல் பிரசவம், பிரபு. எனக்குப் பயமாக இருக்கிறது. சிலந்தியைக் கண்டு அல்ல. அதைச் சொன்னால் யாரும் கேட்கவில்லை. சிலந்தி என்று சொன்னதும் ராஜ்யமே ஓடி வந்தது."

ராஜா வாளை உறையில் போட்டார். பிரசவ பயத்தைப் பற்றி அவர் அதுவரை யோசித்ததே இல்லை. யானையைப் பற்றித்தான் யோசித்திருந்தார். மனம் இளகிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் "சத்தியம் செய்துவிட்டேனே" என்று முணுமுணுத்தார். இறங்க வேண்டும் என்று ஆசை, கால் வைக்க இடம் தெரியவில்லை.

அம்பலம் வெற்றிலைத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தான்.

"மகாராஜா, இந்த அறையில் எல்லாரும் தாம்பூலம் வாங்கிக்கொண்டார்கள், ஒருத்தி மட்டும் மறுத்துவிட்டாள்" என்று அலமாரியை நகர்த்தினான். முட்டைப் பையோடு அவள் அங்கேயே இருந்தாள். "'நான் பிறந்தது இந்த வீட்டில். பிள்ளைப்பேறுக்குப் பிறந்த வீட்டில் இருக்கிறேன். என்னைப் போகச் சொல்கிறாய். போக வேண்டியவர் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், அவரை இருக்கச் சொல்கிறாய். உங்கள் ஊர் நியாயம் எட்டுக்காலுக்கும் புரியவில்லை' என்கிறாள். நான் என்ன பதில் சொல்லட்டும்?"

ராஜா அந்தச் சிலந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கிடக்கட்டும். தங்கள் ஆணைக்கு வருகிறேன்" என்று தொடர்ந்தான் அம்பலம். "மகாராணி இருக்கும் இடத்தில் சிலந்தி இருக்கக் கூடாது. காலையில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இப்போது ராயரின் தயவால் அறை நிரம்பிவிட்டது. கொல்லக் கூடாது. விடிவதற்குள் இத்தனை பேருக்கும் தாம்பூலம் கொடுக்க ஊரில் வெற்றிலை இல்லை. சிலந்தியை மகாராணியிடமிருந்து நகர்த்த முடியாது. ஆகவே மகாராணியைச் சிலந்தியிடமிருந்து நகர்த்துகிறேன். விடிந்ததும் மலைநாட்டுக்குப் பல்லக்கு."

"நான் அனுப்பமாட்டேன் என்று சத்தியம்..."

"தாங்கள் எங்கே அனுப்புகிறீர்கள்? நான் அல்லவா அனுப்புகிறேன்! மோதிரம் என் கையில் இருக்கிறது. இதற்கு வேண்டியதைச் செய்துகொள், நானும் குறுக்கே நிற்கமாட்டேன் என்பது தங்கள் வாக்கு. சத்தியமும் நின்றது, வாக்கும் நின்றது. கொஞ்சம் நகர்ந்து நின்றால் பல்லக்குக்கு வழி கிடைக்கும்."

ராஜா தம்மை அறியாமல் ஓர் அடி நகர்ந்து நின்றார். பிறகு சந்தேகம் வந்தது. "மலைநாட்டு அரண்மனையில் சிலந்தி இல்லையா?"

"உத்தரத்துக்குப் பத்து இருக்கிறதாம். ஆனால் தங்கள் ஆணை தங்கள் எல்லையோடு முடிகிறது. அந்த ஊர்ச் சிலந்திக்குத் தங்கள் மாமனார்தான் பொறுப்பு."

ராஜாவுக்கு முதலில் மீசை துடித்தது. பிறகு வயிறு குலுங்கியது. பிறகு நகைப் பெட்டியின்மேல் நின்ற சோதிடரைப் பார்த்தார், அவ்வளவுதான், முக்காலியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். மகாராணியும் கண்ணீரோடு சிரித்தார். கல்யாண நாளுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

விடிந்ததும் பல்லக்கு புறப்பட்டது. ராஜா குறுக்கே நிற்கவில்லை. ஓரமாக நின்று, பல்லக்கு கண்ணுக்கு மறையும் வரை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு சபை கூடியது. உத்தண்டராயர் தலைப்பாகைக்குள் ஒடுங்கி நின்றார்.

"ராயரே, கோட்டைக் கதவைத் தாண்டி விருந்தாளியை அழைத்து வந்தவர் தம் வீட்டில்தான் தங்கவைக்க வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த வழக்கம்" என்றார் ராஜா. "அறையில் இருக்கும் உம்முடைய விருந்தாளிகளைப் பிடித்து, உம் மாளிகையில் குடிவையும். ஆள் வைக்கக் கூடாது, உம் கையாலேயே தூக்க வேண்டும். கொல்லக் கூடாது, வலையை அறுக்கவும் கூடாது. குழந்தை பிறக்கும் வரை மீறினால் தோஷம் என்று உம்முடைய சோதிடரே சொல்லியிருக்கிறார். அவர் கொட்டாங்கச்சி பிடிக்கட்டும், நீர் வெற்றிலை செருகும்."

அன்று ராயர் பரம்பரையில் முதல்முறையாக ஒருவர் ஒரு பொருளைத் தூக்கினார். நாலாம் நாள் அவர் மனைவி தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்வி.

அம்பலத்துக்குப் பொன்னாடை போர்த்தி, வெள்ளை மாடு இரண்டு பூட்டிய ஒரு வில்வண்டியைப் பரிசாகக் கொடுத்தார் ராஜா. "வீடும் உனது, கிணறும் உனது. உனக்குப் பிறகு உன் பிள்ளைகளுக்கும்" என்றார். அம்பலம் வண்டியை அவனே ஓட்டிக்கொண்டு, சலங்கை குலுங்க வீட்டு வாசலில் வந்து நிறுத்தினான். தைலம்மை வெளியே வந்தாள். கிணறு பிழைத்தது என்று கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள். மகாராணியின் கதையைக் கேட்டுச் சிரித்தாள். கடைசியில் சிரிப்பு நின்றது. வண்டியைச் சுற்றி வந்து மாட்டின் நெற்றியைத் தடவினாள்.

"அடேங்கப்பா! மகாராணி மனசுல என்ன இருக்குன்னு மூணே நாள்ல கண்டுபுடிச்சிட்டீங்க."

"பின்னே? விகடகவின்னா சும்மாவா?"

"ரொம்ப சந்தோசம்" என்றாள் தைலம்மை. "நம்ம வீட்டுலயும் எட்டுக்கால் பூச்சின்னு தெனம் வெளக்கு வைக்கிற நேரத்துல சொல்றேனுங்க."

அம்பலம் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கதவு வழியாக உள்ளே மூலையைப் பார்த்தான். உள்ளங்கை அகல வலை. மிளகு அளவு சிலந்தி. அதைப் பார்த்து யாருக்கு என்ன பயம்? இவள் தாய்வீட்டுக்குப் போய் எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தான், சட்டென்று எண்ண முடியவில்லை. சபையே மெச்சிய அந்த நீள நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மாட்டை அவிழ்க்கப் போனவன் அவிழ்க்காமலே வண்டியைத் தெருப்பக்கம் திருப்பினான்.

"பெட்டியக் கட்டு, தைலா."

"அது எப்பவோ கட்டியாச்சு" என்றாள் தைலம்மை.